மனுஷனை மிருகம்னு சொன்னா யாருக்குக் கோவம் வரும்?

2005 ஆகஸ்ட் கடைசியில லண்டன் ஜூல நாலு நாளைக்கு ஒரு புது மிருகத்தை வேடிக்கை பார்க்க விட்டாங்க. அங்க கரடி மலைன்னு ஒரு பாறைத் திட்டு இருக்கு, அது மேல மூணு ஆம்பளை அஞ்சு பொம்பளை, மொத்தம் எட்டு உருப்படி, நீச்சல் டிரெஸ்ஸுக்கு மேல அத்தி இலையை ஒட்டிக்கிட்டு, வெயில்ல கால் நீட்டிக்கிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கிட்டு. எதிர்ல ஒரு போர்டு: எச்சரிக்கை, இயற்கைச் சூழலில் மனிதர்கள். இந்த இனம் என்ன சாப்பிடும், எங்க வாழும், உலகத்துல எங்கெல்லாம் பரவியிருக்கு, இதுக்கு என்ன ஆபத்துன்னு புலி கூண்டுக்கு எழுதுற மாதிரியே எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. மனுஷனும் குரங்கு வகையறால ஒண்ணுதான்னு ஜனங்களுக்குப் புரியணும், அதான் ஐடியா. குழந்தைங்க "உள்ள ஏன் ஆளுங்க இருக்காங்க"ன்னு கேட்டுச்சு, பெரியவங்க சிரிச்சாங்க, பேப்பர்காரங்க போட்டோ எடுத்தாங்க, முடிஞ்சது. யாரும் கொடி பிடிக்கல, யாரும் மனசு புண்பட்டுச்சுன்னு மனு கொடுக்கல. 2007ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு ஜூ, காலியா கிடந்த உராங்குட்டான் கூண்டுல ஆளுங்களை வச்சு இதே மாதிரி பண்ணுச்சு, அங்கயும் சிரிப்புதான்.

எப்படி சிரிக்க முடிஞ்சது? அந்த எட்டு பேரும் அப்ளிகேஷன் போட்டு செலக்ட் ஆனவங்க. சாயங்காலம் ஜூவை மூடினா டிரெஸ்ஸை மாத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. கூண்டுச் சாவி தன் பாக்கெட்ல இருக்கிறவனுக்கு மிருக வேஷம் ஒரு பிக்னிக்.

இன்னொரு போர்டு இருக்கு. 1906 செப்டம்பர், நியூயார்க் பிராங்க்ஸ் ஜூ, குரங்கு வீடு. ஓட்டா பெங்கா, வயசு 23, உயரம் 4 அடி 11 இன்ச், எடை 103 பவுண்டு, செப்டம்பர் மாசம் தினமும் மத்தியானம் காட்சிக்கு உண்டு. காங்கோவுல இருந்து, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சில காட்டுறதுக்காகக் கூட்டிட்டு வந்த ஆளு, அப்புறம் இங்க வந்து சேர்ந்தாரு, ஒரு உராங்குட்டான் கூட விளையாட விட்டு ஆயிரக்கணக்கான பேர் பார்த்துச் சிரிச்சாங்க. கறுப்பின பாதிரியார்கள் போய்ச் சண்டை போட்டாங்க, எங்க ஜனங்க பட்டது போதாதா, குரங்கோட வேற காட்டணுமான்னு. இதுல என்ன தப்புன்னு கேட்டவங்கதான் அப்போ ஜாஸ்தி. கடைசியில வெளியே விட்டாங்க, அனாதை இல்லம், அப்புறம் வர்ஜீனியா, 1916ல தன்னைத் தானே சுட்டுக்கிட்டு செத்துப்போனாரு. அந்த ஜூவை நடத்துற சங்கம் மன்னிப்பு கேட்டது 2020ல. நூத்திப் பதினாலு வருஷம் ஆச்சு ஒரு சாரி வர்றதுக்கு.

ஐரோப்பால இது ஒரு முழு நேரத் தொழிலாவே நடந்திருக்கு. ஹாம்பர்க்ல மிருக வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த ஹாகன்பெக்னு ஒருத்தர், மானோட அதை மேய்க்கிற மனுஷங்களையும் சேர்த்து இறக்கினா கலெக்‌ஷன் நல்லா வரும்னு 1870கள்லயே கண்டுபிடிச்சவரு. 1880கள்ல சிலோன்ல இருந்து யானையும் ஆளுங்களுமா ஒரு பெரிய கூட்டத்தையே கூட்டிட்டுப் போய் ஊர் ஊரா காட்டினாரு. நம்ம கடல் ஓரத்து ஆளுங்களும் அந்தக் கூண்டுக்குப் பக்கத்துல நின்னவங்கதான், இது நம்ம பாடப் புத்தகத்துல எங்கயும் வராது.

இந்தக் கதையெல்லாம் தெரியாமத்தான் நம்ம ஆளுங்க 2007ல கிரவுண்டுல குரங்கு மாதிரி சத்தம் போட்டாங்க. ஆஸ்திரேலியா ஒன்டே சீரிஸ் ஆட வந்துச்சு, ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் கரீபியன் வேர் உள்ள ஆளு, வடோதராலயும் மும்பைலயும் அவர் பவுண்டரி பக்கம் வந்தா கூட்டத்துல ஒரு பகுதி உர் உர்ருன்னு கத்துது, அக்குளைச் சொறிஞ்சு காட்டுது. அடுத்து 2008 ஜனவரி சிட்னி டெஸ்ட், ஹர்பஜன் அவரைக் குரங்குன்னு சொன்னாருன்னு புகார், மூணு டெஸ்ட் தடை, அப்பீல்ல அது ரத்தாகி மேட்ச் சம்பளத்துல பாதி அபராதம்னு முடிஞ்சது. என்ன சொன்னாரு, எந்த பாஷைல சொன்னாருங்கிற பஞ்சாயத்துக்குள்ள நான் போகல. எனக்குச் சிரிப்பு வந்தது நம்ம ஆளுங்க எடுத்து விட்ட வாதம்: நாங்க ஆஞ்சநேயரைக் கும்பிடுறவங்க, எங்க ஊர்ல குரங்கு சாமி, அதெப்படி திட்டாகும்? அடேங்கப்பா. எங்கம்மா சின்ன வயசுல என்னை "குரங்கே எறங்குடா கீழ"ன்னு கத்தினப்போ ஒரு தடவை கூட அவங்க கையில வடமாலை இருந்ததா ஞாபகம் இல்ல, விளக்குமாறுதான் இருந்துச்சு.

சாமியா கும்பிடுற மிருகம் வேற, அடுத்தவனை வையுறதுக்கு வச்சிருக்கிற மிருகம் வேற, ரெண்டும் ஒரே உடம்புல இருந்தாலும் நமக்குக் குழப்பமே வராது. மாட்டுக்குப் பொங்கல் வைப்போம், அடுத்த நாள் பையன் மார்க்ஷீட்டைப் பார்த்துட்டு மாடு மாடுன்னு திட்டுவோம். எருமைக்கு பாவம் ரெண்டு பக்கமும் மரியாதை இல்ல, காபிக்குப் பால் மட்டும் வேணும். காளை சிங்கம் புலின்னா பிளெக்ஸ் அடிப்போம், தலைவர் பொறந்தநாளுக்கு ஒரு பக்கம் அவர் முகம் இன்னொரு பக்கம் சிங்கத்து முகம் வச்ச போஸ்டரைப் பார்த்து எந்தத் தலைவரும் என்னை எப்படி மிருகம்னு சொல்லலாம்னு கேஸ் போட்டதில்ல. அதே சிங்கத்தை எடுத்துட்டு அங்க ஒரு நரியை வச்சுப் பாருங்க, ராத்திரியே வீட்டுக் கதவைத் தட்டுவாங்க.

நம்மூர் மிருக நக்கலுக்கு நான் பார்த்ததுல பெஸ்ட்டு கல்யாண பிளெக்ஸ்தான். எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், மண்டப வாசல்ல மாப்பிள்ளையோட பிரெண்ட்ஸ் பத்தடிக்கு ஒண்ணு கட்டியிருந்தாங்க. ஒரு வெள்ளாடு, கழுத்துல மாலை, ஆட்டுத் தலைக்குப் பதிலா மாப்பிள்ளை தலை, கூலிங் கிளாஸ் வேற. கீழ "மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு, தலையை ஆட்டியாச்சு, இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, இவண் கசாப்புக்குத் தப்பிய மத்த ஆடுகள்"னு எழுதி வரிசையா பன்னெண்டு பேர் போட்டோ. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு செல்பி, பாட்டி முதற்கொண்டு. பொண்ணோட தாய்மாமன் மட்டும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "சரி மாப்ள ஆடுன்னா, அப்போ எங்க பொண்ணு யாருங்க, கசாப்புக்காரியா?"ன்னு கேட்டாரு பாருங்க, அம்புட்டு சத்தத்துலயும் அந்த இடம் மட்டும் கப்சிப். ஆடுன்னு சொல்லப்பட்டவன் உள்ள மேக்கப் போட்டுக்கிட்டு ஜாலியா இருக்கான், படத்துலயே இல்லாத ஆளுக்காக வெளியே பஞ்சாயத்து. அப்புறம் யாரோ மாமாவுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து கூட்டிட்டுப் போனாங்க, பிளெக்ஸ் அவுக்கப்படல.

இளநீர்ல தீராத கேஸ்னா துருக்கிதான். 2004ல அங்க கும்ஹுரியத்னு ஒரு பேப்பர்ல மூசா கார்ட்னு ஒரு கார்ட்டூனிஸ்ட், அப்போ பிரதமரா இருந்த எர்துவானை நூல்கண்டுல சிக்கிக்கிட்ட பூனையா வரைஞ்சாரு. ஒரு பூனைங்க, அதுவும் பாவமா முழிக்கிற பூனை. பிரதமர் கேஸ் போட்டாரு, கோர்ட் 5,000 லிரா கட்டச் சொல்லுச்சு. இதைப் பார்த்த பெங்குவென்னு ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்காரங்களுக்கு ரோஷம் வந்து, 2005 பிப்ரவரில அட்டையிலயே "தய்யிப்களின் உலகம்"னு (தய்யிப்ங்கிறது எர்துவானோட பேரு) தலைப்பு போட்டு யானை, ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகம், குரங்கு, தவளை, பாம்பு, மாடு, வாத்து, எட்டுக்கும் அவர் மூஞ்சியை வச்சு ஒரு முழு ஜூவையே இறக்கிட்டாங்க. பூனைக்குக் கோவமா, இந்தா மிச்சமும் பிடின்னு. அவர் 40,000 லிரா நஷ்ட ஈடு கேட்டாரு. இந்தத் தடவை கோர்ட் கேஸைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.

இதோட நின்னிருந்தா சாதாரணக் கதை. 2018ல அங்காராவுல மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பட்டமளிப்பு விழா, அந்த யூனிவர்சிட்டில பட்டம் வாங்க வர்ற பசங்க நக்கல் அடிச்சு தட்டி எழுதி தூக்கிட்டு ஊர்வலம் போறது பழக்கம். நாலு பேர் அந்தப் பழைய அட்டையைப் பெருசு பண்ணி பேனரா பிடிச்சிட்டுப் போனாங்க. அதே படம், அதே வாத்து, அதே தவளை. ஏற்கனவே கோர்ட்டே பரவாயில்லன்னு விட்ட படம். ஆனா இப்போ அவர் ஜனாதிபதி, ஜனாதிபதியை அவமதிச்சா ஒரு வருஷத்துல இருந்து நாலு வருஷம் வரைக்கும் ஜெயில்னு தனிச் சட்டப் பிரிவு இருக்கு, பசங்களைத் தூக்கி உள்ள வச்சுட்டாங்க. எதிர்க்கட்சித் தலைவர் கிலிச்தாரோலு அந்தப் படத்தை எடுத்து ட்விட்டர்ல போட்டு, இதுக்கெல்லாம் சிரிக்கப் பழகிக்கணும்னு சொன்னாரு, உடனே அவர் மேலயும் கேஸ். ஒரு மாசம் போல கழிச்சு பசங்க வெளிய வந்தாங்க, அப்புறம் எர்துவான் புகாரையும் வாபஸ் வாங்கிட்டாரு.

நான் இதுல கவனிச்சது என்னன்னா, துருக்கிக்காரங்களுக்கு நக்கல் பிடிக்காதுன்னு சொல்லவே முடியாது, நஸ்ருதீன் முல்லாவைக் கழுதை மேல திருப்பி உக்கார வச்சு தலைமுறை தலைமுறையா சிரிக்கிற ஊரு அது, மிருகத்தை வச்சு மனுஷனைக் கிண்டல் பண்றதுக்கு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். பதிமூணு வருஷத்துல மாறினது அந்த ஜனங்களோட ரசனை இல்ல, நாற்காலியோட உயரம். ஆனாலும் நாம "அந்தக் கலாச்சாரத்துக்கு ஹ்யூமர் சென்ஸ் கிடையாது"ன்னு ஈஸியா ஒரு நாட்டையே சேர்த்து எழுதிடுறோம். சீனாவுலயும் இதேதான். 2013ல ஷி சின்பிங் ஒபாமா கூட நடந்துபோன போட்டோவை வின்னி கரடிப் பொம்மைப் படத்தோட ஒட்டிப் போட்டு முதல்ல சிரிச்சது சீனாக்காரங்கதான், தேன் ஜாடியை வச்சுக்கிட்டு தேமேன்னு உக்காந்திருக்கிற கரடி அது, அதுக்கே 2017ல வெய்போங்கிற அந்த ஊர் ட்விட்டர்ல கத்தரிக்கோல் போட்டாங்க. வெளிநாட்டுல யாரும் அந்தக் கரடியைக் கண்டுபிடிக்கல, அந்த ஊர்ப் பசங்க கண்டுபிடிச்சது.

ஜப்பான்ல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 12, 13ஆம் நூற்றாண்டுல வரைஞ்ச படச்சுருள், முயலும் தவளையும் குரங்கும் மனுஷன் மாதிரியே குளிக்குது, மல்யுத்தம் போடுது, அதுல ஒரு இடத்துல குரங்கு ஒண்ணு துறவி உடுப்பை மாட்டிக்கிட்டு பயபக்தியா மந்திரம் சொல்லுது, எதிர்ல வாழையிலையை முதுகுக்குப் பின்னாடி ஒளிவட்டமா வச்சுக்கிட்டு ஒரு தவளை புத்தர் மாதிரி சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. சாமியார்களைத்தான் கிண்டல் பண்ணுதுன்னு பார்த்த உடனே தெரியும். இந்தச் சுருளோட சொந்தக்காரர் யாருன்னா கியோட்டோ கோசான்ஜி, ஒரு புத்த கோயில். பல நூறு வருஷமா பத்திரமா காப்பாத்தி இப்போ தேசியப் பொக்கிஷம், அந்தத் தவளையைத் துண்டுல பீங்கான் கப்புல எல்லாம் போட்டு விக்கிறாங்க.

இங்கிலாந்துக்காரன் எல்லாத்துக்கும் சிரிப்பான்னும் நினைச்சுக்காதீங்க. 1871ல டார்வின் மனுஷனோட வம்சாவளியைப் பத்தி எழுதினதும் ஒரு பத்திரிகை அவரையே தாடி வச்ச உராங்குட்டானா வரைஞ்சுச்சு, நீ வேணா குரங்கு, எங்களை ஏன்யா இழுக்கிறேன்னு அர்த்தம். அதே காலத்துல ஐரிஷ்காரங்களைக் குரங்கு மூஞ்சியோட வரைஞ்சு அதை நல்ல ஜோக்னு வாரா வாரம் அச்சடிச்சு வித்தவங்களும் இவங்கதான்.

நம்மூர்ல டார்வினுக்கு எதிரா லேட்டா வந்தாலும் லேட்டஸ்ட்டா வந்தவரு 2018ல மத்திய இணையமைச்சரா இருந்த சத்யபால் சிங். குரங்கு மனுஷனா மாறினதை யாரும் பார்த்ததா நம்ம முன்னோர்கள் எழுதவும் இல்ல சொல்லவும் இல்ல, அதனால டார்வின் தப்புன்னாரு. விஞ்ஞானிங்க எல்லாம் ஏறிட்டாங்க. எனக்கு மட்டும் அவர் மேல ஒரு பரிதாபம், ஏன்னா மனுஷன் அதுக்கு முன்னாடி மும்பை போலீஸ் கமிஷனர், கண்ணால பார்த்த சாட்சி இல்லாம கேஸ் நிக்காதுங்கிற பழக்கம் அவ்ளோ சீக்கிரம் போகுமா.

ஆனா மாணிக்கவாசகர் அவருக்கு ரொம்ப முன்னாடியே வாக்குமூலம் கொடுத்துட்டாரே. புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி, பல்விருகமாகிப் பறவையாய்ப் பாம்பாகின்னு வரிசையா ஒத்துக்கிட்டு வர்றாரு, அதுக்கு மேல போய் நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குன்னு தன்னை நாய்க்கும் கீழ இறக்கிக்கிறாரு. டார்வின் கூட அவ்ளோ தூரம் போகல. எங்க தெருமுனை சிவன் கோயில்ல பிரதோஷத்தன்னிக்கு அறுபது எழுபது பேர் சேர்ந்து அந்த வரியைப் பாடுவாங்க, கண்ணுல தண்ணி விட்டுப் பாடுறவங்களும் உண்டு. போன பிரதோஷம் முடிஞ்சு வெளிய வந்தா, அதே கூட்டத்துல முன்வரிசைல உக்காந்து பாடின ஒருத்தர் தன் ஸ்கூட்டரை இன்னொருத்தர் பைக்குக்குக் குறுக்கால நிறுத்தி வச்சிருக்காரு, பைக்காரர் "எவன்டா இந்த நாய்"னு ஒரு குரல் விட்டாரு. இவர் விபூதியும் கையுமா திரும்பி, "யாரைய்யா நாய்ங்கிற, மரியாதையா பேசு, நான் யாருன்னு தெரியுமா"ன்னு சட்டையைப் பிடிச்சாரு. விலக்கி விட குருக்களே வர வேண்டியதாப் போச்சு.