வாத்தும் மாரியும்: வட்டக்கச்சி வளவிலிருந்து

இலங்கையின் வடக்கில், எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் சிறியதைத் தாரா என்போம், கழுத்து நீண்ட பெரியதை வாத்து என்போம். தமிழ்நாட்டில் வாத்து என்றால் தாராதான். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் நிற்பவை நான்கு: ஓர் ஆண், மூன்று பெண். நெற்றியில் குமிழ் புடைத்த சீன இனக் கலப்பு. வாங்கி இரண்டு வருடமாகிறது. முதல் மாரிக்காலத்தில் அவை இளசுகள், வீட்டு விறாந்தையிலேயே கிடந்து தப்பிவிட்டன. இந்த மாரிதான் உண்மையான பரீட்சை.

எனக்குக் குளிரைப் பற்றிப் பயம் இருந்தது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் ஐப்பசியிலேயே வாத்து வளர்ப்பைப் பற்றி அகப்பட்டதை எல்லாம் படித்தேன். எழுதியவர்கள் எல்லாரும் பனி விழும் நாட்டவர்கள். குடிதண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள், குமிழ் பனியில் கருகாமல் வாஸ்லைன் பூசு என்று புத்தி சொல்லியிருந்தார்கள். இங்கே தை மாத விடியற்காலையில்கூட வெப்பம் இருபது பாகைக்குக் கீழே போவது அரிது. வாஸ்லைனை என் குதிவெடிப்புக்குப் பூசிக்கொண்டேன்.

வளர்ந்த வாத்துக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. வாடைக்காற்று அடிக்கிற நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்ளும். காலுக்குப் போகும் சூடான இரத்தக்குழாயும் திரும்பி வரும் குளிர்ந்த குழாயும் ஒட்டியே ஓடுவதால், போகிற சூட்டை வருகிற இரத்தம் வாங்கிக்கொள்கிறது. மழையில் விடிய விடிய நனைந்தாலும் வால் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைச் சொண்டால் தேய்த்து இறகில் பூசிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலப் புல்லுக்குப் போய்விடும். கார்த்திகை முழுக்க என்னைப் படுத்தியது காலடி ஈரம்.

கொட்டிலுக்குள் சிறுபோக (கோடை நெல்) வைக்கோலைப் பரப்பியிருந்தேன். வெளியே குவித்து வைத்திருந்த வைக்கோல் அது; மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெண் வாத்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. மிருக வைத்தியர் கையை விட்டு ஒரு பிடி வைக்கோலை அள்ளி மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழைய நிலவறை மணம். பூஞ்சண வித்து நுரையீரலில் தங்கினால் மருந்து அவ்வளவாகக் கேட்காது என்றார். அன்றைக்கே எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். அந்த வாத்து பிழைத்துவிட்டது, ஆனால் குரல் இன்னமும் கரகரப்புத்தான்.

அடுத்த பிழையும் என்னுடையதுதான். நிலத்தை உயர்த்துவதற்கு ஒரு டிராக்டர் கிரவல் (சரளை மண்) கொட்டி மட்டப்படுத்தினேன். தண்ணீர் வடிந்தது, எனக்குப் பெருமையும் வந்தது. பத்து நாளில் ஆண் வாத்து நொண்டியது. தூக்கி மடியில் வைத்துக் காலைத் திருப்பினால், உள்ளங்காலின் நடுவில் மிளகு அளவில் ஒரு கறுத்த பொருக்கு, அதைச் சுற்றிச் சூடான வீக்கம். ஈரத்தில் ஊறி மெத்தென்றான தோலைக் கிரவலின் கூர்க்கல் கிழித்திருக்கிறது. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் என் முழங்கையில் மூன்று இடத்தில் கடித்துவிட்டது. கிரவலுக்கு மேலே ஆற்றுமணல், அதற்கு மேலே ஆலையில் வாங்கிய உமி என்று போட்ட பிறகுதான் கால்கள் ஆறின. உமியை இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும், நனைந்ததை அள்ள வேண்டும். வாடை வரும் வடக்குப் பக்கம் கிடுகும் தறப்பாளும் கட்டினேன்; கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டேன். அதையும் அடைத்த முதல் இரவு எச்சத்தின் காரம் என் கண்ணையே எரித்தது.

தீனிக்குக் கவலை இல்லை. பனி நாட்டுக்காரர்கள் மாரியில் புல் இல்லாமல் தவிக்கிறார்கள். எங்களுக்கோ மாரியில்தான் புல்லே. பகலில் அறுகு, மாலையில் ஆளுக்கொரு கைப்பிடி சப்பி (பதர்) நெல், தலை முழுக அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள ஒரு ஆழமான வாளித் தண்ணீர். அவ்வளவுதான்.

கவலை அயல் வயலில் இருந்தது. அமெரிக்காவில் முன்பு பருத்தித் தோட்டத்தில் களை பிடுங்க வாத்துகளை விடுவார்களாம் என்று பக்கத்து வளவு அண்ணையிடம் ஒருநாள் அளந்துவிட்டேன். பருத்தியை விட்டுப் புல்லை மட்டும் தின்னும். நெல்லும் ஒரு புல் என்பது எனக்குத் தெரியும், வாத்துக்கும் தெரியும். மறுநாள் வேலியில் இருந்த ஓட்டையால் போய் வரம்போரமாக இரண்டு பாய் அளவு பயிரை மொட்டை அடித்துவிட்டன.

"தம்பி, உங்கள் களைபிடுங்கிகளை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார் அண்ணை.

மாரிப் பயிரான காலபோகம் அறுவடையாகும் வரை கட்டிக் காப்பதென்று அன்றைக்கே முடிவு.

கார்த்திகை நடுவில் ஒரு பெண் முட்டையிடத் தொடங்கியது. கோழி முட்டை மூன்றைச் சேர்த்தால்தான் அந்த ஒன்றின் நிறை வரும். ஏழு முட்டையானதும் அடையில் குந்தியது. மார்கழி முதல் வாரம் வாய்க்கால் பெருகிக் கூட்டின் மூலைக்குள் தண்ணீர் வந்தது. தாய் எழுந்து போனது, திரும்பவே இல்லை. நனையாத நான்கை எடுத்து அடைக்கிடந்த ஊர்க்கோழி ஒன்றின் கீழே வைத்தேன். வாத்து முட்டையைப் புரட்ட அதற்குப் பலம் காணாது. பென்சிலால் ஒரு பக்கம் புள்ளடி போட்டு, காலையும் மாலையும் நானே புரட்டினேன். முப்பதாம் நாள் மூன்று பொரித்தன.

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. குஞ்சுக்கு எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யச் சில கிழமை ஆகும். அதுவரை தாய் வாத்தின் இறகில் உரசி உரசித்தான் எண்ணெய் ஏறும். கோழியிடம் அது ஏது? தை மூன்றாம் வாரம் திடீர் மழை. முற்றத்துக் குட்டையில் மூன்றும் இறங்கி நீந்த, கரையில் கோழி இறகை விரித்துக் கத்திக்கொண்டு ஓடியது. சிரித்துக்கொண்டு நின்றேன். சிறிது நேரத்தில் மூன்றும் நனைந்த பஞ்சுபோல ஒடுங்கிவிட்டன. அம்மா பழைய சாரத்தால் துடைத்துத் துடைத்து அடுப்பங்கரையில் பெட்டிக்குள் வைத்தார். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நடுவில் படுக்க வைத்தோம். பத்து மணிக்கு இரண்டு குஞ்சுகள் கத்தத் தொடங்கின. மூன்றாவது கத்தவில்லை.

இப்போது மாசி. இரண்டும் கோழியைவிடப் பெரியதாகிவிட்டன. கோழிக் குஞ்சுத் தீனியில் வாத்துக் குஞ்சுக்கு வேண்டிய நியாசின் என்ற உயிர்ச்சத்து போதாது, கால் வளையும் என்பதால் ஈஸ்ட் தூள் கலந்து கொடுக்கிறேன். கால்கள் நேராக இருக்கின்றன. பொழுதுபட்டதும் இரண்டும் கோழியின் கீழே புக முயல்கின்றன. தலைகள் மட்டும்தான் போகின்றன. கோழி தரையில் கால் படாமல், இரண்டு முதுகுக்கும் மேலே குந்திக்கொண்டு தூங்குகிறது.