டிஎன்எஸ்செக் தேர்வு: சாவி ரத்து பகுதியை எப்படிப் படிப்பது

டிஎன்எஸ்செக் என்பது டொமைன் பெயர்ப் பதிவுகளைச் சாவியால் கையொப்பமிட்டுக் காக்கும் முறை. அதில் சாவி மாற்றத்தை விரிவாகப் படிப்பவர்கள்கூட, ஒரு சாவியை இனி நம்ப வேண்டாம் என அறிவிக்கும் ரத்தை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். இதற்கான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5011-இல் உள்ள நிலை வரைபடத்தை ஒருமுறை கையால் வரையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மண்டலத்திலிருந்து (ஒரு டொமைனின் பதிவுத் தொகுப்பிலிருந்து) சாவியை எடுத்துவிட்டால் போதும் என்று எழுதாதீர்கள். அதை நம்பிக்கை நங்கூரமாக (சரிபார்ப்பின் தொடக்கப் புள்ளியாக) வைத்திருக்கும் ரிசால்வர், அதாவது பெயருக்கு விடை தேடித் தரும் சர்வர், 'காணவில்லை' என்று குறித்துக்கொண்டு தொடர்ந்து நம்பும். ரத்து செய்ய, சாவியின் கொடி எண்ணில் 128 மதிப்புள்ள ரிவோக் பிட்டை ஏற்ற வேண்டும். 257 ஆக இருந்த கொடி எண் 385 ஆகிவிடும். பிறகு மண்டலத்தின் பொதுச் சாவிகள் அடங்கிய டிஎன்எஸ்கீ தொகுப்பில் அதே சாவியின் கையொப்பமும் இருக்க வேண்டும். ஆகவே கையொப்பமிடும் தனிச்சாவி தொலைந்துபோனால் இவ்வழியில் ரத்து செய்யவே முடியாது. புதுச் சாவியை ஏற்க 30 நாள் காத்திருக்கும் ரிசால்வர், ரத்தைக் கண்ட உடனே ஏற்கும்.

கொடி மாறினால் சாவியின் அடையாள எண்ணும் மாறும். இதற்கு டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள ரூட் மண்டலமே நல்ல எடுத்துக்காட்டு. 2010-ஆம் ஆண்டுச் சாவியின் எண் 19036. 2019 ஜனவரி 11 அன்று ரத்தானதும் 19164 ஆயிற்று. மார்ச் 22 அன்றுதான் மண்டலத்தை விட்டு நீங்கியது. 20326 எண்ணுள்ள புதுச் சாவி 2018 அக்டோபர் 11 முதலே கையொப்பமிட்டு வந்ததால் நம்பிக்கைச் சங்கிலி அறுபடவில்லை. தேதிகளைவிட இந்த வரிசையை மனதில் வையுங்கள்.

மேல் மண்டலத்தில் டிஎஸ் பதிவு (சாவியின் சுருக்கக் கைரேகை) வைத்திருக்கும் சாதாரண டொமைனில் கதை வேறு. டிஎஸ் கணக்கீட்டில் கொடி எண்ணும் சேர்வதால், பிட்டை ஏற்றிய சாவியோடு பழைய டிஎஸ் பொருந்தாது. வேறு சாவிக்கு டிஎஸ் இல்லையென்றால், சரிபார்க்கும் ரிசால்வர்கள் செர்வ்ஃபெயில் என்ற பிழையைத் தரும், தளம் திறக்காது. இங்கே சரியான வழி: புதுச் சாவியை வெளியிட்டு டிஎன்எஸ்கீயின் டிடிஎல் (ரிசால்வர்கள் பதிவைச் சேமித்து வைக்கும் காலம்) முடியும்வரை பொறுத்து, டிஎஸ்ஸை மாற்றி, பழைய டிஎஸ்ஸின் டிடிஎல் முடிந்தபின் பழைய சாவியை நீக்குவது. ரிவோக் பிட் தேவையில்லை.

பயிற்சிக்குச் சோதனை மண்டலம் ஒன்றை பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில் அமையுங்கள். டிஎன்எஸ்செக்-ரிவோக் கட்டளை புது எண்ணோடு புதுக் கோப்புகளை உருவாக்கும். பழைய கோப்புப் பெயரை நம்பும் ஸ்கிரிப்ட் அங்கே தடுமாறும். மண்டலத்தை மீண்டும் கையொப்பமிட்டு, டிஎன்எஸ் பதிவுகளைக் காட்டும் டிக் கட்டளையில் 385 தெரிகிறதா, கையொப்பப் பதிவில் புது எண் இருக்கிறதா என இரண்டையும் பாருங்கள். முதலாவது மட்டும் இருந்தால் அது ரத்தாகக் கொள்ளப்படாது.