11 வருடம் கார் ஓட்டியவள் எல் போர்டு மாட்டிய கதை

மதுரையில் 11 வருடம் கார் ஓட்டியவள் நான். கோரிப்பாளையம் சிக்னல், சித்திரைத் திருவிழா நேரத்துத் தல்லாகுளம், மழை பெய்து ஓய்ந்த கீழவாசல் என்று எதற்கும் சளைத்ததில்லை. லண்டனில் நர்ஸ் வேலைக்கு வந்து, இங்கே டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போனால், முதல் தடவையே ஃபெயில். பிரிட்டனிலும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதுதான் என்னை ஏமாற்றியது. அமெரிக்காவுக்குப் போயிருந்தால் பக்கமே மாறிப்போச்சே என்று பயந்தாவது ஒழுங்காகக் கற்றிருப்பேன்.

நம் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம் ஓட்டலாம். அந்த 12 மாதம் நாம் ஸ்டியரிங்கைத் தொட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, இங்கே குடிவந்த நாளிலிருந்தே ஓடிவிடுகிறது. எனக்கு அது தெரியவில்லை. கார் வாங்கலாமா என்று நாங்கள் பேச ஆரம்பித்தபோது 14 மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூர், ஜப்பான், தென்னாப்பிரிக்கா லைசென்ஸ்களை இங்கே மாற்றிக்கொள்ளலாம். இந்திய லைசென்ஸை மாற்றித்தர மாட்டார்கள். ஆக, பதினெட்டு வயதுப் பையன்களோடு சேர்ந்து நானும் கற்றுக்குட்டி லைசென்ஸுக்கு 34 பவுண்டு கட்டினேன்.

தியரி பரீட்சையில் 50 கேள்வி, 43 சரியாக வர வேண்டும். அது உருப்போட்டால் வந்துவிடும். கூடவே 14 வீடியோ காட்டுவார்கள். சாலையில் ஆபத்து உருவாக ஆரம்பிக்கிற கணத்தில் மவுஸை அழுத்த வேண்டும். 75க்கு 44 எடுத்தால் பாஸ். வீட்டில் பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு 31 வந்தது. சைக்கிள்காரர் குறுக்கே வருகிறார், வேன் கதவு திறக்கிறது, ஒரு குழந்தை ரோட்டோரம் நிற்கிறது. இதில் எதுவுமே என் கண்ணுக்கு ஆபத்தாகப் படவில்லை! காமராஜர் சாலையில் இதெல்லாம் தினசரிக் காட்சி. சனியன் எங்கே பிடித்திருக்கிறது என்று நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. டாஷ்போர்டில் நல்லூர் கந்தன் படம், முன்கண்ணாடியில் பச்சை எண்கோண அட்டை. அந்தப் பச்சை அட்டை இருந்தால் முழுத் தகுதி பெற்ற பயிற்சியாளர் என்று அர்த்தம். ரோஜா நிற முக்கோணம் என்றால் அவரே இன்னும் பயிற்சியில் இருக்கிறார். இது தெரியாமல் நிறையப் பேர் முழுக் காசைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எத்தினை வருசமா ஓடுறியள்?" என்று முதல் நாள் கேட்டார். நான் காலையில் ஜாகிங் போவதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டு மாசமாத்தான் அண்ணா, அதுவும் முட்டி வலி" என்றேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் காரை 'ஓட்டுவது' இல்லை, 'ஓடுவார்கள்'.

2014 ஏப்ரல் வரை தியரி பரீட்சையைத் தமிழ்க் குரலில் கேட்டே எழுதலாமாம், பிராக்டிகலுக்கு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப்போகலாமாம். "எங்கட சனம் கனபேர் அப்பிடித்தான் பாஸ் பண்ணினது. நீங்கள் பிந்தி வந்திட்டியள்" என்றார்.

முதல் வகுப்பு முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். "தங்கச்சி, நீங்கள் நல்லா ஓடுறியள். ஆனா இண்டைக்குச் சோதினையெண்டா ஏழு தரம் பெயில்."

"கண்ணாடி பார்த்தேனே அண்ணா."

"பாத்திருப்பியள். நான் காணேல்லையே. எனக்கே தெரியேல்லையெண்டா எக்ஸாமினருக்கு எப்பிடித் தெரியும்?"

என் பழக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிளட்ச் மேலேயே கால். கியரின் மேலேயே இடது கை. பைக்கோ நாயோ எதையாவது கண்டால் கட்டைவிரல் தானாக ஹாரனுக்குப் போகும். இங்கே வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஹாரன் அடிப்பதே விதிமீறல். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிக்கவே கூடாது. அப்புறம் ஹெட்லைட். எதிரே வருகிறவர் லைட் அடித்தால் நம் ஊரில் 'நான் வந்துகிட்டு இருக்கேன், நில்லு' என்று பொருள். இங்கே அதே லைட்டுக்கு 'நீங்க போங்க' என்று பொருள். விதிப் புத்தகமோ, நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால் புத்தகம் நம் ஊர் பக்கம்தான். இருந்தும் குறுகலான ஒரு தெருவில் எதிரே ஒரு பஸ் நின்று லைட் அடிக்க, நானும் மரியாதையாக நிற்க, அவர் மறுபடி அடிக்க, நான் மறுபடி நிற்க, பின்னால் ஆறு கார் சேர்ந்துவிட்டது.

டெஸ்ட் தேதி கிடைப்பது தனிக் கூத்து. வார நாளில் 62 பவுண்டு கட்டணம். 24 வாரம் வரைக்குமான தேதிகள்தான் இணையத்தில் தெரியும், அதில் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. நைட் ஷிஃப்ட்டில் டீ குடிக்கிற நேரமெல்லாம் போனைத் திறந்து திறந்து பார்த்ததில், யாரோ ரத்து செய்த 10.14 மணி இடம் ஒன்று அகப்பட்டது. இந்த ஊர் டெஸ்ட் நேரங்கள் எல்லாம் 8.10, 9.07, 10.14 என்று ரயில் நேரம் மாதிரியே இருக்கும்.

அதை அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய பிழை. டெஸ்ட் அன்று காலையில் நத்தத்திலிருந்து பெரியம்மா, விருதுநகரிலிருந்து சித்தி, அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடி டீச்சர் என்று வரிசையாக வாழ்த்து. "உனக்கென்னடி, தூங்கிக்கிட்டே ஓட்டுவ" என்றார் பெரியம்மா. டெஸ்ட் சென்டர் வாசலில் என் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 128 என்று காட்டியது. தினமும் நோயாளிகளிடம் மூச்சை இழுத்து மெதுவா விடுங்கன்னு சொல்கிற ஆள் நான். நானும் இழுத்து விட்டேன். 131 ஆனது.

முதலில் கண் சோதனை. 20 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். பிறகு பிரேக் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்ற மாதிரி ஒரு கேள்வி. அதுவரை எல்லாம் சரி. பன்னிரண்டாவது நிமிடமோ என்னவோ, ஒரு ஜீப்ரா கிராஸிங். ஓரத்தில் தள்ளுவண்டிப் பையோடு ஒரு பாட்டி. நான் அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். மதுரையில் இந்தப் பார்வைக்கு ஒரு பொருள் உண்டு: ரெண்டு பேரும் பார்த்தாச்சு, நீ நில்லு, நான் போறேன். பாட்டி ஒரு காலைக் கோட்டின் மேல் வைத்தார். நான் வேகத்தைக் குறைத்தேன், ஆனால் நிற்கவில்லை. அப்போது என் பாதத்துக்கு அடியில் பிரேக் பெடல் தானாகவே கீழே இறங்கியது. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் பெடல் உண்டு. அங்கே அழுத்தினால் நம் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். எக்ஸாமினர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நின்றது. பாட்டி கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு நிதானமாகக் கடந்துபோனார். அந்த நன்றிதான் இன்னும் மனசை அறுக்கிறது.

எக்ஸாமினர் பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. ஆனால் டெஸ்ட் அதோடு நிற்பதில்லை, சுமார் 40 நிமிடமும் ஓட்டியாக வேண்டும். மீதி நேரம் முழுக்க என் கண் ரோட்டில் பாதி, அவர் மடியிலிருந்த டேப்லெட்டில் பாதி. விரல் அசைந்தால் போச்சு என்று நினைப்பேன், அசையாவிட்டால் ஏன் அசையவில்லை என்று நினைப்பேன். முடிவில் பெரிய தவறு ஒன்று, சிறு தவறு பதினொன்று. சிறு தவறுகள் 15 வரை இருந்தாலும் பாஸ்தான். பெரிய தவறு ஒன்றே ஒன்று போதும், ஃபெயில்.

வீட்டுக்காரர் அன்று சாம்பார் வைத்தார். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு சாப்பிட்டோம்.

மறுபடி எழுத 10 வேலைநாள் காத்திருந்தால் போதும் என்பது சட்டம். தேதி கிடைத்தது மூன்று மாதம் கழித்து. அண்ணா திட்டவில்லை. பாட்டி விஷயத்தைக் கேட்டு, "அவை கால் வைக்கிறதுக்கு முன்னமே நிண்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். 2022 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கடக்கக் காத்திருப்பவருக்கே வழிவிடச் சொல்கிறது விதிப் புத்தகம். காலை வைத்துவிட்டால் நின்றே ஆக வேண்டும், அது சட்டம்.

அடுத்த வகுப்பில் ஒரு புது வேலை கொடுத்தார். கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். வார்த்தை தேடுவதற்குள் வளைவு வந்துவிட்டது. "தமிழில சொல்லுங்கோவன், ஆர் கேக்கப்போறான்" என்றார்.

"முன்னால வேன். கண்ணாடி. இருபதுல போறேன். இடது பக்கம் ரெண்டு காருக்கு நடுவுல ஒரு பையன் தலை. காலை எடு. கண்ணாடி. ரவுண்டானா, வலது பக்கம் சிவப்புக் கார், அவன் போகட்டும். இப்ப நம்ம."

முதல் இரண்டு வகுப்பு வெட்கமாக இருந்தது. மூன்றாவதில் ஒன்றைக் கவனித்தேன். வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்க மூளையில் இடம் இருப்பதில்லை. பயமே இல்லை என்று சொல்லவரவில்லை. பயத்துக்கு உட்கார நாற்காலி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதோடு 'கண்ணாடி' என்று வாய் சொல்லிவிட்டால் தலையும் தானாகத் திரும்பிவிடுகிறது. 11 வருடம் கண்ணை மட்டும் உருட்டிப் பழகிய கழுத்துக்கு இது பெரிய முன்னேற்றம்.

இரண்டாவது டெஸ்ட் காலை 8.10க்கு. தேதி வீட்டுக்காரருக்கும் அண்ணாவுக்கும் மட்டுமே தெரியும். ஏழு மணிக்கே அந்தப் பகுதியில் ஒரு சுற்று ஓட்டினேன். ஒரு வாழைப்பழம், இரண்டு மடக்குத் தண்ணீர். காபி குடிக்கவில்லை, அது தலைவலியில் கொண்டுவிட்டது. அடுத்தவர்கள் குடித்துவிட்டே போகலாம்.

பயிற்சியாளரும் பின்சீட்டில் வரட்டுமா என்று எக்ஸாமினர் கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணா பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். இந்தத் தடவை எக்ஸாமினர் ஒரு பெண்மணி. பெல்ட்டை மாட்டியதும் கேட்டேன், எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்வேன், பரவாயில்லையா என்று. "என்னிடம் பதில் எதிர்பார்க்காத வரைக்கும் சரி" என்றார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

மேட்டில் ஒரு சிக்னல். பச்சை விழுந்தது, கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு ஹாரன், லண்டனில் அபூர்வமாகக் கேட்கிற சத்தம். பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உள்ளுக்குள் செத்திருப்பேன். "ஹேண்ட்பிரேக். நியூட்ரல். ஸ்டார்ட். முதல் கியர். கண்ணாடி. தோளுக்குப் பின்னால பாரு. போ" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது, கை அதைக் கேட்டுச் செய்தது. எல்லாம் சேர்த்து எட்டு வினாடி இருக்கும். வண்டி அணைந்துவிடுவதால் மட்டும் ஃபெயிலாக்குவதில்லை. பதறிப்போய் ஹேண்ட்பிரேக் போடாமல் பின்னால் உருளவிடுவதால்தான் ஃபெயிலாகிறார்கள். இதை வகுப்பில் வேண்டுமென்றே முப்பது நாற்பது தடவை அணையவிட்டுப் பழகியிருந்தேன். முன்கூட்டியே ஒத்திகை பார்த்த தவறு வந்தால் ஏதோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

பிறகு 20 நிமிடம் சாட்நாவ் என்கிற வழிகாட்டிக் கருவி சொல்படி ஓட்ட வேண்டியிருந்தது. அதில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேரே போய்விட்டேன். அதைத் தவறாகக் குறிக்க மாட்டார்கள், பாதுகாப்பாகப் போனால் எந்தப் பக்கம் போனாலும் சரி. தெரியாமல் கடைசி நொடியில் திருப்பினால்தான் மாட்டுவோம்.

சென்டருக்குள் நுழைந்து நிறுத்தியதும் பாஸ் என்றார். சிறு தவறு ஆறு. மின்னஞ்சலில் வந்த பட்டியலை அண்ணா என் போனில் ஒவ்வொன்றாகப் படித்தார். வாழ்த்துச் சொல்வார் என்று நின்றேன். "கண்ணாடிக்கு மூண்டு விழுந்திருக்கு, கண்டனீங்களோ?" என்றார்.

அப்போதுதான் என் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் பார்த்துவிட்டு, நீங்கள் அங்கால இருங்கோ என்று சாவியை வாங்கிக்கொண்டார். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். அண்ணா இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ரோட்டில் ஏறினார்.

"அண்ணா, கண்ணாடி" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"பாத்தனான் தங்கச்சி, பாத்தனான்."