லண்டனில் ஓசியில் பார்த்த சீன ராஜாவின் நாற்காலி

மான்செஸ்டரிலிருந்து லண்டன் வந்த பஸ்ஸை முதலில் திட்டிவிடுகிறேன். மலிவு டிக்கெட் என்று ஏறினால் ஹீட்டர் ஓடவில்லை, கழிப்பறை பூட்டிக் கிடந்தது, மோட்டார்வேயில் வேறு மணிக்கணக்காக நின்றது. டிரைவர் "டிராஃபிக்" என்றதோடு சரி. இறங்கியதும் வாங்கிய காய்ந்த சாண்ட்விச்சின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், பசியே அடங்கிவிட்டது.

செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாக வாட்ஸ்அப் குழுவில் சொல்லியிருந்தேன். அது அப்புறம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு டிக்கெட்டே கிடையாது. அங்கே சீனக் கூடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியென்லுங் பேரரசரின் சிவப்புச் சிம்மாசனத்தைப் பார்த்தவன் மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன்.

1775-80 வாக்கில் செய்தது. மரத்தைச் செதுக்கிச் சிவப்புப் பூசியிருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். செதுக்கியிருப்பது பூச்சையே! லாக்கர் என்பார்கள் அந்தப் பூச்சை. நம்மூர் அரக்கு பூச்சி தருவது, இது மரப்பால். மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம். முந்திரிக்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாகுமே, அதே குணம் இதற்கும் உண்டு. அதில் சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமத் தூளைக் குழைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. அது இறுக வெயில் உதவாது, ஈரக்காற்று வேண்டும். இறுகியபின் அடுத்த பூச்சு. இப்படியே நூறைத் தாண்டியும் போகும். அதற்குப் பிறகுதான் கத்தி. கை நழுவினால் மாதக்கணக்கான வேலை போச்சு.

முதுகுச் சாய்மானத்தில் ஒரு யானை, அதன் மேல் மணிகள் நிறைந்த குடம். நாட்டில் அமைதி நிலவுவதற்கு அடையாளமாம். அந்த நாற்காலியைத்தான் 1900-01இல் வெளிநாட்டுப் படைகள் புகுந்த கலவரத்தில் பெய்ஜிங்குக்குத் தெற்கே இருந்த வேட்டை மாளிகையிலிருந்து கொள்ளையடித்துப் போனார்கள். பிறகு ஒருவர் 2,250 பவுண்டுக்கு வாங்கி, 1922இல் மியூசியத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அன்பளிப்பு! வயிறு எரிகிறது.

பழமை என்றால் அங்கேயே இருக்கும், இதே மாதிரி பூச்சைச் செதுக்கிய மேஜைதான். 1430 வாக்கில் பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையில் செய்தது. மேலே டிராகனும் ஃபீனிக்ஸும். குனிந்து டிராகனின் பாதத்தைப் பாருங்கள். ஐந்து நகம் பேரரசருக்கு மட்டும் உரியது. மேஜை அரண்மனையை விட்டு வெளியேறியபோது பாதத்துக்கு ஒரு நகத்தை யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தத் தழும்பு இன்றும் தெரிகிறது. எனக்கு மொத்த மேஜையையும்விட அதுதான் பிடித்தது.

காட்சி செதுக்கிய பெட்டி, தட்டு எதைப் பார்த்தாலும் பின்னணியை விட்டுவிடாதீர்கள். அருவியை ரசிக்கும் அறிஞர், பின்னால் வீணை தூக்கி நிற்கும் பையன், ஒரு மண்டபம் என்று கதை ஓடும். அதற்கு அடியில் வானத்துக்கு ஒரு நுண்கோலம், தண்ணீருக்கு அலைக்கோடு, தரைக்குப் பூக்கட்டம். இந்த இலக்கணம் சீனாவை மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்திலேயே வந்துவிட்டது. செல்ஃபோன் டார்ச் அடிக்காதீர்கள், காவலர் முறைப்பார்.

சரி, செலவு. சவுத் கென்சிங்டனிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் ஈஸ்ட்ஹாம். அங்கே மசால் தோசையும் காபியும் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று, தேங்காய்ச் சட்னி இரண்டாம் தடவையும் கேட்காமலே வந்தது. அந்தச் சாண்ட்விச் விலையோடு ஒப்பிட்டால் அநியாய மலிவு. மியூசியம் வெள்ளிக்கிழமை இரவு 10 வரை திறந்திருக்கும், மற்ற நாள் 5.45க்குச் சாத்திவிடுவார்கள். சீனக் கூடத்தின் எண் 44.