குழாய்க்குள் உண்டாவது: மாரிகாலக் குறிப்புகள்

நவம்பர் 4

பச்சைத் தூள் உலர்ந்துவிட்டது. நிக்கல், மகனீசியம், அலுமினியம் ஆகிய மூன்றின் நைத்திரேற்றுக் கரைசலையும் காரக் கரைசலையும் பீஎச் 10இலிருந்து வழுவாமல் துளித்துளியாகச் சேர்த்து, வந்த வீழ்படிவை 60 பாகையில் இரவு முழுவதும் முதிரவிட்டு, சோடியம் போகும்வரை கழுவிக் காயவைத்ததில் கிடைத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. மங்கிய இளம்பச்சை, கையுறை விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவாகிறது. புட்டியில் திகதியை எழுதி ஒட்டினேன். வினையை விரைவாக்கும் ஊக்கி என்று எழுதக் கை வரவில்லை. அது இன்னும் உண்டாகவில்லை.

நவம்பர் 5

வாப்பா அழைத்தார். யூரியாவைப் பற்றி மட்டுமே பேசினார். மற்றதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 7

500 பாகையில் சுட்டாயிற்று. நீரும் காபனீரொட்சைட்டும் கழன்று போக, படைபடையாக இருந்த அமைப்பு இடிந்து, மகனீசியம் ஒட்சைட்டின் அணு அடுக்கான சாலகத்துக்குள் நிக்கல் அயன்கள் குடியேறிவிடுகின்றன. இரண்டு அயன்களின் பருமனும் ஏறத்தாழ ஒன்று. இரண்டு ஒட்சைட்டுகளுக்கும் கறியுப்பின் பளிங்கமைப்புத்தான். ஆகவே எந்த விகிதத்திலும் ஒன்று மற்றதில் கரையும். நிக்கல் அணு அணுவாகப் பிரிந்து கிடக்கும் நிலை இது. இதிலிருந்து அதை வெளியே வரவழைப்பதுதான் வேலை.

வழக்கமாகச் செய்வது வேறு. அலுமினியம் ஒட்சைட்டான அலுமினாவை நிக்கல் உப்புக் கரைசலில் ஊறவிட்டு, உலர்த்தி, சுடுவார்கள். துணிக்கைகள் கண்ட கண்ட பருமனில் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். நிக்கல் உருகுவது 1455 பாகையில்தான் என்றாலும், கெல்வினில் அதன் பாதி, அதாவது ஏறத்தாழ 590 பாகையிலேயே அணுக்கள் இடம்பெயரத் தொடங்கிவிடும். மெதேனைக் காபனீரொட்சைட்டுடன் வினைபுரியச் செய்து ஐதரசனும் காபனோரொட்சைட்டும் பெறும் எங்கள் வேலையோ 700க்கு மேல். மேலே பூசியது தாக்குப்பிடிக்காது. உள்ளேயிருந்து முளைத்தது பிறந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது எதிர்பார்ப்பு.

ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்தார் 2013இலும் 2015இலும் வெளியிட்ட கட்டுரைகளை மறுபடியும் வாசித்தேன். தைத்தானேற்றுப் பெரோவ்ஸ்கைட்டு என்ற ஒட்சைட்டுப் பளிங்கில் கரைத்து வைத்த நிக்கலை ஐதரசன் வெளியே இழுக்க, ஒவ்வொரு துணிக்கையும் ஒரு பகுதி தரைக்குள் புதைந்தபடி எழும்புகிறது. அழகான வேலைதான். ஆனால் அந்தப் பொருளை ஆக்குவதற்கே 1000 பாகைக்கு மேல் வேண்டும், மேற்பரப்பும் குறைவு, ஆழத்தில் கிடக்கும் நிக்கல் வெளியே வருவதில்லை. எங்கள் உலைக்கும் எங்கள் பணத்துக்கும் இந்தப் பச்சைத் தூள்தான் பொருத்தம். தைத்தானியம் என்னவோ இங்கிருந்து வடக்கே புல்மோட்டை மணலில் கொட்டிக் கிடக்கிறது. என் அலுமாரிக்கு அது வெளிநாட்டுப் புட்டியில் வந்து சேருகிறது.

நவம்பர் 8

ஐதரசன் சிலிண்டர் வரவில்லை.

நவம்பர் 11

நேற்றிரவும் மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து ஒரே நினைவு.

வினை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உலை குளிரத் தொடங்கும். வாயுக்களின் பாய்ச்சற் கட்டுப்படுத்திகள் மின்சாரம் இல்லையென்றால் தாமாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. மெதேனும் காபனீரொட்சைட்டும் நிற்பது நல்லதுதான், ஆனால் அவற்றோடு நைதரசனும் நின்றுவிடுகிறது. அப்போது குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பவை வினையில் விளைந்த காபனோரொட்சைட்டும் புத்தம் புதிய நிக்கலும். 200 பாகைக்குக் கீழே இவ்விரண்டும் கூடினால் நிக்கல் காபனைல் உண்டாகலாம். லுட்விக் மொண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1890இல் கண்டறிந்த பொருள். நிக்கலைத் தூய்மையாக்கும் ஒரு தொழிலே அதன்மேல் எழுந்தது. 43 பாகையில் கொதித்துவிடும் திரவம், கொடிய நஞ்சு. 100 மில்லிகிராம் தூளில் அப்படி எவ்வளவு வந்துவிடப்போகிறது என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் இரவில் அந்த அறையில் இருப்பதில்லை.

ஆகவே மின்சாரத்தை நம்பாத ஒரு பக்கவழி அமைத்தேன். நைதரசன் சிலிண்டரிலிருந்து நேராக ஓர் ஊசி வால்வு, அதன்பின் ஒரு மிதவை அளவி, அதன்பின் குழாய். சவர்க்கார நீர் பூசிக் கசிவு பார்த்தபோது கடைசி இணைப்பின் விளிம்பில் கடுகளவு குமிழ் ஒன்று எழுவதும் உடைவதும் மறுபடி எழுவதுமாக இருந்தது. நட்டைக் கால் திருப்பு இறுக்கியதும் நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் பூசிப் பார்த்தேன். படுக்கப்போகுமுன் இன்னொரு தரம்.

நவம்பர் 14

வட்டையில் பயிர் எழும்பிவிட்டது, தண்ணீர் கட்டி நிற்பதற்குள் யூரியா எறிய வேண்டும் என்கிறார் வாப்பா. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது வெளிறிப்போய் நின்ற வயலை அவர் மறக்கவில்லை. மூடை கிடைக்குமா என்பதே அவருடைய கேள்வி. எனக்கு அந்த மூடைக்குப் பின்னாலிருக்கும் இரும்பின்மேல்தான் நினைவு போகிறது.

யூரியாவுக்கு மூலமான அமோனியாவை ஆக்கும் உலைக்குள் இரும்பை இரும்பாக யாரும் போடுவதில்லை. ஜேர்மனியின் பிஏஎஸ்எப் நிறுவனத்தில் அல்வின் மித்தாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்த பிறகு நிலைத்தது, சிறிதளவு அலுமினாவும் பொற்றாசியமும் சேர்ந்த மக்னெற்றைற்று என்ற இரும்பு ஒட்சைட்டு. 1913இல் ஒப்பாவில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து இன்றுவரை அடிப்படை அதுதான். போடுவது ஒட்சைட்டு, நைதரசனும் ஐதரசனும் கலந்த வாயுவே நாட்கணக்கில் அதிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கி எடுக்க, ஒட்சிசன் இருந்த இடமெல்லாம் துளைகளாகி, எஞ்சுவது நுண்டுளை இரும்பு. அவசரப்பட்டால் கெட்டுவிடும். வெளிவரும் நீராவி மிகுந்தால், அது புதிய இரும்பை மறுபடி ஒட்சியேற்றித் துணிக்கைகளைப் பருக்கவைத்துவிடும். வெப்பநிலையை எவ்வளவு மெதுவாக ஏற்றுவது என்பதில்தான் அந்த ஊக்கியின் ஆயுள் முழுவதும் தங்கியிருக்கிறது.

காக்காவிடம், என் அண்ணனிடம், சொன்னேன், இரண்டு மூடை வாங்கிக் கொடுக்கச் சொல்லி.

நவம்பர் 15

வாப்பாவிடமிருந்து துண்டை எடுத்து ஃபோமலினில் போட்டு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வரக் காலம் எடுக்கும்.

நவம்பர் 18

சிலிண்டர் வந்தது. இறக்கியவர்கள் உருட்டிய விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

நவம்பர் 19

இன்று தாழ்த்தல், அதாவது ஒட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்குதல். நைதரசனில் 5 சதவீத ஐதரசன், நிமிடத்துக்கு 5 பாகை ஏற்றம், 800 வரை. சாதாரண நிக்கல் ஒட்சைட்டென்றால் 400 பாகைக்குள் வேலை முடிந்திருக்கும். மகனீசியம் ஒட்சைட்டுக்குள் கரைந்திருப்பது இலகுவில் விட்டுக்கொடுக்காது. 500இல் ஒன்றும் இல்லை. 600இலும் ஒன்றும் இல்லை. குழாயின் வெளிவாயில், உலைக்கு வெளியே குளிர்ந்து கிடக்கும் பகுதியில், கண்ணாடியின் உட்பக்கம் முதலில் மூச்சுப் பட்டதுபோல் மங்கியது. பிறகு அந்த மங்கல் திரண்டு சின்னஞ்சிறு நீர்மணிகளாயிற்று. அந்த நீரிலிருக்கும் ஒட்சிசன் சற்று முன்வரை நிக்கலோடு இருந்தது. ஐதரசனின் அளவைக் கூட்டி விரைவாக முடிக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அமோனியாக்காரர்களை நினைத்து விட்டுவிட்டேன்.

உலைக்கதவின் இடுக்கால் பார்த்தால் எல்லாமே செந்நிறம். தூளின் நிறம் தெரியவில்லை.

நவம்பர் 20

750 பாகை, மெதேனும் காபனீரொட்சைட்டும் ஒன்றுக்கு ஒன்று. வாயுக்களைப் பிரித்துக் காட்டும் ஜீசியில் ஐதரசன் முகடு எழும்பியதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அறையில் யாருமில்லை.

மெதேன் மாற்றம் 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு மூல் மெதேனுக்கு 247 கிலோயூல் வெப்பத்தை விழுங்கும் வினை இது. உலை அதைக் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும்.

நவம்பர் 22

நிறுத்தியாயிற்று. இப்போது திறக்க வேண்டும், திறக்கப் பயமாக இருக்கிறது.

நிக்கல் இவ்வளவு சிறிய துணிக்கைகளாக இருக்கும்போது காற்றுப் பட்டால் சூடேறிப் புகையும், பற்றவும் செய்யும். அதனால் நைதரசனில் 1 சதவீத ஒட்சிசன் கலந்து, அறைவெப்பநிலையில் மெதுவாகச் செலுத்தி, மேற்பரப்பில் ஒட்சைட்டுத் தோல் ஒன்று படியவிட்ட பிறகே திறப்பது வழக்கம். தோல் மெல்லியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். துணிக்கையின் விட்டம் 5 நானோமீற்றர், தோலின் தடிப்பு 1 நானோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே எஞ்சும் உலோகத்தின் விட்டம் 3. கனவளவில் அது முழுத் துணிக்கையின் நாலிலொன்றுகூட இல்லை. நான் உறையில் போட்டு அனுப்பப்போவதில் பெரும்பகுதி, குழாய்க்குள் வேலை செய்த பொருளே அல்ல. போட்டது பச்சைத் தூள், எடுப்பது தோல் போர்த்த கறுப்புத் தூள். இரண்டையும் நிறுக்கலாம், படம் எடுக்கலாம். நடுவில் 750 பாகையில் இருந்ததை மட்டும் அதே வாயுவில், அதே சூட்டில் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. அதற்கென உயர்சக்தி எக்ஸ் கதிர்களும் வாயு செலுத்தக்கூடிய இலத்திரன் நுணுக்குக்காட்டிகளும் வெளிநாடுகளில் இருக்கின்றன. அவற்றில் நேரம் கேட்டு எழுதலாம். முதலில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் அல்லவா.

ஃபோமலினில் போட்டால் இழையம் சுருங்குமா என்று யாரிடம் கேட்பது?

நவம்பர் 25

மழை விடவில்லை. மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் வெள்ளமாம், கூரியர் எடுக்க மறுத்துவிட்டது. வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களா என்பதே ஊரெங்கும் பேச்சு.

வேறு வேலையில்லாமல் மொலித்தனம் என்ற உலோகத்தைப் பற்றி வாசித்தேன். 1993இல் சீனாவின் தாலியனிலிருந்து வந்த வேலை: மொலித்தனம் ஒட்சைட்டு ஏற்றிய, நுண்டுளைக் கனிமமான சியோலைற்றின்மேல் 700 பாகையில் மெதேனை மட்டும் செலுத்தினால் பென்சீன் வருகிறது. உடனே வருவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தொடக்கத்தில் நீரும் காபனின் ஒட்சைட்டுகளும் மட்டுமே வெளிவரும். மெதேன் தன் காபனைக் கொடுத்து ஒட்சைட்டைக் காபைட்டாக்கிக்கொண்டிருக்கும் காலம் அது. அது முடிந்த பிறகே பென்சீன். மெதேன் தனக்கு வேண்டிய ஊக்கியைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் அந்த வெப்பநிலையில் வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் மாற்றமே 12 சதவீதமளவுதான், கரி படிவதும் விரைவு. இதைக்கொண்டு நாளைக்கே தொழிற்சாலை கட்டலாம் என்பதுபோல் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் அல்லர். 2011இல் மன்னார்ப் படுகையில் இரண்டு கிணறுகளில் வாயு தென்பட்ட நாளிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் அதே பேச்சு. என் ஆசை சிறியது. மாட்டுச் சாணத்திலிருந்து வரும் உயிர்வாயுவில் மெதேனும் காபனீரொட்சைட்டும் ஏற்கெனவே கலந்தே வருகின்றன. இந்த வினைக்கு வேண்டியதும் அந்த இரண்டும்தான். ஐதரசன் சல்பைட்டை மட்டும் முன்கூட்டியே அகற்ற வேண்டும். மில்லியனில் சில பங்கு இருந்தாலே நிக்கல் நஞ்சேறிப்போகும்.

நவம்பர் 27

இன்றும் முடிவு வரவில்லை. இரண்டும்தான்.

டிசம்பர் 2

பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் அளவீடான எக்ஸ்ஆர்டி வந்தது. 44.5 பாகைக் கோணத்திலும் 51.8 பாகையிலும் நிக்கலின் முகடுகள், இரண்டுமே அகலமானவை; துணிக்கை சிறிது என்று பொருள். 43ஐ ஒட்டி ஒரு பெரிய முகடு. அது மகனீசியம் ஒட்சைட்டா, வெளியே வராத நிக்கலா, நான் படியவிட்ட தோலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. சேரிடம் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு தம்பி, எழுதும்" என்றார்.

பயன்படுத்திய தூளைச் சுட்டு நிறுத்ததில் கரி இருக்கிறது, பயந்த அளவுக்கு இல்லை. பூசிய நிக்கலில் கரி இழையாக வளர்ந்து, துணிக்கையைத் தன் நுனியில் தூக்கிக்கொண்டு போய்விடும். முளைத்து நிற்பதை அப்படித் தூக்குவது கடினம் என்பதே 2015 கட்டுரை சொன்னது. என் தூளில் எது நடந்தது என்பதைப் படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 4

காக்கா விடியற்காலையில் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வர வேண்டாம் என்றார்கள்.

அதே தூளில் மிஞ்சியதைக் குழாய்க்குள் வைத்து மறுபடி தாழ்த்தினேன்; இம்முறை திறக்கவில்லை. 750இல் ஜீசிக்குள் செலுத்திய முதலாவது ஊசியில் ஐதரசனுக்கும் காபனோரொட்சைட்டுக்கும் இடையிலான விகிதம் 0.91. ஒன்றைத் தொடவில்லை; உண்டான ஐதரசனில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டோடு சேர்ந்து நீராகிப் போகிறது. 800இல் வைத்தால் மாற்றம் கூடும், கரியும் குறைய வேண்டும். இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நைதரசன் சிலிண்டரில் 40 பார் மிச்சம், காலைவரை போதும்.