உப்பளம் தாண்டினால் அம்மாச்சி ஊர்

அம்மாச்சி வீடு கோடியக்காட்டில். வேதாரண்யத்தில் பஸ் ஏறினால் அகஸ்தியம்பள்ளி வரை சாதாரண ஊர்தான். அதற்கப்புறம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய மண். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களைச் சின்ன வயதில் வரிசையாக நிற்கும் குடிசைகள் என்றே நினைத்திருந்தேன்.

உப்பளம் முடிந்ததும் கோடியக்காடு, ரோடு முடிகிற இடத்தில் கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே சதுப்பு. கடற்கரை தெற்கிலிருந்து மேற்காகத் திரும்புகிற மூலை இது.

இந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் ராமர் பாதம். மலை என்று கற்பனை செய்யாதீர்கள், மணல்மேடுதான்! மேலே நின்றால் புல்வெளியில் வெளிமான் மேய்வது தெரியும்.

தண்ணீர் விஷயம்தான் விசித்திரம். மணலில் கையால் தோண்டினால் ஊறுவது நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. மாமா போர் போடுகிறேன் என்று கிளம்பியபோது அம்மாச்சி தடுத்தார். மாமா கேட்கவில்லை. அந்தக் குழாய் இன்றும் கொல்லையில் துருப்பிடித்து நிற்கிறது, கோழி கட்ட உதவுகிறது.