பரோலோவின் துவர்ப்பு

பரோலோ என்னும் இத்தாலிய ஒயினை முதன்முறை கோப்பையில் ஊற்றியபோது, யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சிவப்பு ஒயின் என்றால் நாவற்பழச் சாறுபோல் கருத்திருக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, பின்னால் பிடித்த விரல்கள் தெரியுமளவு வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் படர்ந்திருந்த அது ஏமாற்றமளித்தது. ஒரு மிடறு விழுங்கியதும், கொட்டைப்பாக்கை மென்றதுபோல் நாக்கும் ஈறும் இறுகிக்கொண்டன.

நெப்பியோலோ என்னும் திராட்சையின் குணம் அது: நிறம் குறைவு, டானின் மிகுதி. டானின் என்று ஒயின்காரர்கள் சொல்வதன் சுவை, நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணும் துவர்ப்புதான். வசந்தத்தில் முந்தித் துளிர்க்கும் இக்கொடி, பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடைக்கு வரும் என்பதால், நல்ல வெயில் படும் சரிவுகளை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள்.

வடமேற்கு இத்தாலியின் பியெமோன்தே மாநிலத்தில், ஆல்பா நகருக்கு அருகிலுள்ள லாங்கே குன்றுகளில், 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெப்பியோலோவுக்கு மட்டுமே பரோலோ என்ற பெயர் உரியது. அந்தச் சிறு வட்டத்துக்குள்ளும் மண் மாறுகிறது. மேற்கே லா மோர்ராவின் நீலச்சாம்பல் நிறச் சுண்ணக் களிமண்ணில் மணம் மிகுந்த, சற்று இளகிய ஒயினும், கிழக்கே செர்ராலுங்காவின் பழைமையான, இறுகிய மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்க வைக்கும் முரட்டு ஒயினும் பிறக்கின்றன. சட்டப்படி 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், முதிர்ந்த பிறகே பரோலோ விற்பனைக்கு வரலாம். கூடுதலாக முதிரவைக்கும் ரிசர்வா வகை என்றால் 62 மாதங்கள்.

எந்தப் பீப்பாய் என்பதில் அங்கே பெரிய சண்டையே நடந்தது. 1980களில் இளைய தலைமுறையினர் சிலர் பெரிய பழைய பீப்பாய்களை விட்டுச் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்கு மாறினர். மரபை விடாத பர்த்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று புட்டியின் லேபிளிலேயே எழுதி ஒட்டினார். நான் அவர் கட்சி. புதிய ஓக்கின் வனிலா வாசம், ரோஜாவும் தாரும் கலந்த பரோலோவின் மணத்தை மூடிவிடுகிறது.

டானின் நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் உலர்கிறது. இறைச்சியும் கொழுப்பும் உடன் இருந்தால் அந்தப் பிடி தளர்கிறது. மாட்டிறைச்சியை இதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரசாத்தோ, மஞ்சள்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த தாயரின் என்னும் மெல்லிய பாஸ்தா வெண்ணெயில் புரண்டு வர அதன்மேல் சீவிய ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளான், காஸ்தெல்மாஞ்ஞோ பாலாடைக்கட்டி ஆகியவை அவ்வூரார் கண்ட இணைகள். நானோ காரமான மட்டன் சுக்காவுடன் குடித்துக் கெட்டேன். மிளகாயின் எரிச்சலை 14 சதவீத ஆல்கஹால் கிளறிவிட, துவர்ப்பு கசப்பாகவே மாறியது. அடுத்த முறை ஆட்டுத் தொடையை மிளகாயே இல்லாமல், வெங்காயமும் பட்டையும் கிராம்பும் சேர்த்து, எலும்பு கழன்று வரும்வரை சிறுதீயில் வேகவைத்தேன். அன்று மிஞ்சிய பாதிப் புட்டியை மறுநாள் மாலை திறந்தபோதுதான் ரோஜா மணம் தெளிவாக எழுந்தது.